செத்த குழாய்

உங்கள் அறையின் ரேடியேட்டர் அடிப்பாதி மட்டும் சுடுகிறது, மேல்பாதி சில்லென்று இருக்கிறது. உள்ளே காற்று தங்கிவிட்டது, வேறொன்றுமில்லை. பக்கவாட்டுத் திருகை அரைச்சுற்றுத் திறந்து, தண்ணீர் சொட்டத் தொடங்கியதும் மூடினால் போதும். யாராவது வந்து பாய்லரையே மாற்ற வேண்டும் என்றால் நம்பாதீர்கள், அதிகாரி ஐயா.

நான் சோக் மான்-ஹோ. ஐம்பத்தெட்டு வயது. ஜெசோனில் முப்பத்தோரு வருடமாக பாய்லர் பழுது பார்க்கிறேன். இந்த ஊர்க் குளிரில் பாய்லர் வெந்நீர் அடியில் ஓடித் தரை சூடாகவில்லை என்றால் ஜனங்களுக்கு மூளை உறைந்துவிடும், வாய் மட்டும் உறையாது. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் நோய் இன்னது, மருந்து இன்னது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். வீடு அவர்களுடையது, அவர்களுக்குத் தெரியாததா என்று நானும் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு தேவாலயத்து மூப்பர் ஒரு நீல டப்பாவைக் கையில் கொடுத்து, “தண்ணி உறையாம இருக்க ஊத்தற மருந்துப்பா. போன வருஷமும் இதத்தான் ஊத்தினோம்” என்றார். ஊற்றினேன். அது கார் கண்ணாடி கழுவுகிற சோப்புத் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தின் நடுவே, பாட்டுக்காரர்களின் காலடியில் நுரை பொங்கியது. மூப்பர் சபை முழுக்கக் கேட்கும்படி, “இது என் கைங்கரியம், மெக்கானிக்க யாரும் திட்டாதீங்க” என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சோறு போட்டு அனுப்பினார். அவருக்கு இன்றுவரை வருடாவருடம் நான்தான் பாய்லர் பார்க்கிறேன். தப்பாகச் சொல்வதை நான் ஒரு குற்றமாக நினைத்ததில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பியோன் தே-ஷிக் ஐயா விஷயம் வேறு. பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் அவர் தனியாக இருக்கிறார், கீழ்ப் பின்கட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் மாடிக் கூடம் சூடாகவில்லை என்று, நான் அப்போது வேலை பார்த்த பாய்லர் ஏஜென்சிக்குச் சொல்லி அனுப்பினார். நான் போனேன். வால்வுகளை ஒவ்வொன்றாகத் திருகி எது எந்த அறைக்குப் போகிறது என்று பார்க்கப்போனேன். அவர் கைத்தடியால் சுட்டினார்.

“எதுக்கு நேரத்த வீணாக்கற? மூணாவது வால்வுதான் கூடத்துக்கு. இந்த வீட்டக் கட்டினது நான். அத மூடிட்டுக் குழாயக் கழட்டு.”

மூன்றாவதை மூடினேன். கழற்றினேன். கூடத்துக்குப் போனது நான்காவது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் பீறிட்டுப் பக்கத்து அறைக்குள் பாய்ந்தது. அங்கே கீழ்த்தட்டில் அவர் நாற்பது வருட வகுப்புப் புகைப்படங்களை அடுக்கி வைத்திருந்தார். பிள்ளைகளின் முகமெல்லாம் கரைந்து கஞ்சியாகிவிட்டது. அந்த நஷ்டத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. அவர் ஒரு படத்தை எடுத்து உதறி, தன் சட்டையில் ஒற்றி எடுத்ததைப் பார்த்தேன்.

ஏஜென்சி முதலாளி வந்தார். பியோன் ஐயா என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னார்: “நான் எங்க சொன்னேன்? இவனாத்தான் திருகினான். என்னக் கேட்டிருந்தா நான் சரியாச் சொல்லியிருப்பேனே.”

முதலாளி என்னை மண்டியிடச் சொன்னார். ஈரத் தரையில் நெற்றி படக் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். அந்த வாரமே வேலை போனது. இருபத்திரண்டு வருடம் அங்கே இருந்தவன். வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். என் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள்: “ஒரு வாத்தியார் பொய் சொல்லுவாராங்க?”

அதற்குப் பிறகு ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். வாடிக்கையாளர் என்ன செய்யச் சொல்கிறாரோ, அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுவேன். கீழே அவர் கையெழுத்துக்குப் பதில் தன் பெயர் முத்திரையைக் குத்த வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் பையைத் திறக்க மாட்டேன். ஊரில் எனக்குக் “கோர்ட்டு குமாஸ்தா” என்று பட்டப்பெயர் கூட வைத்தார்கள். பரவாயில்லை.

இந்த ஜனவரி பத்தாம் தேதி பியோன் ஐயா கூப்பிட்டார். ஏற்கெனவே இரண்டு மெக்கானிக்குகள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார்களாம். என் குரல் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நேரில் பார்த்ததும் தெரிந்தது.

“ஓ, நீயா” என்றார். “சரி வா. இந்தத் தடவையாவது ஒழுங்காச் செய்.”

பின்பக்க மாடிப்படியில் குளிர்காற்று ஏறி வருகிறது என்பது புகார். அங்கே சுவர் வழியாக ஒரு தகரக் குழாய் வெளியே போகிறது. தடியால் அதைத் தட்டினார்.

“இது பழைய எண்ணெய் பாய்லரோட புகைக்குழாய். அத எடுத்து வருஷமாச்சு. இது செத்த குழாய். இது வழியாத்தான் காத்து வருது. வெளிவாய சிமெண்ட் வெச்சு அடைச்சுடு.”

நான் குழாயின் மேல் கை வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது.

செத்த குழாய் சுடாது, அதிகாரி ஐயா. இதைத் தெரிந்துகொள்ள முப்பத்தோரு வருட அனுபவம் வேண்டியதில்லை. பின்கட்டுச் சமையலறையை ஒட்டி உள்ளேயே இருந்த இடுக்கில் எட்டிப் பார்த்தேன். அங்கே குடியிருப்பவருக்கு யாரோ ஒரு பழைய எரிவாயு பாய்லரைக் கொண்டுவந்து, இந்தக் குழாயிலேயே இணைத்திருந்தார்கள். பியோன் ஐயா முழங்கால் அறுவைக்காக மருத்துவமனையில் இருந்த மாதம் அவருடைய மருமகன் செய்த வேலை என்று பிறகு உங்களிடம்தான் கேள்விப்பட்டேன். புகை போக வழியில்லாவிட்டால் தானே அணைந்துபோகிற வசதி அந்தப் பழைய பாய்லரில் இல்லை, எரிந்துகொண்டே விஷப்புகையை வீட்டுக்குள் விடும். அதையும் பார்த்தேன்.

திரும்பி வந்து ஒரு முறை கேட்டேன். “ஐயா, நிச்சயமாத் தெரியுமா?”

“வீடு என்னுதா, உன்னுதா?”

நோட்டை நீட்டினேன். அவர் சொன்னதை எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்தச் சொன்னேன். “என்னடா இது, கல்யாணப் பத்திரமா?” என்று முனகிக்கொண்டே குத்தினார். பிறகு ஏணி போட்டு ஏறி, குழாய் வாய்க்குள் துணியைத் திணித்து, மேலே சிமெண்ட் பூசினேன். குளிரில் சிமெண்ட் இறுகாது என்று வெந்நீரில் குழைத்தேன். நல்ல வேலை.

நான் நினைத்தது என்னவென்றால், தலைவலி. கீழே குடியிருப்பவருக்குத் தலை சுற்றும், வாந்தி வரும், யாராவது மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். விசாரணை வரும். பியோன் ஐயா வழக்கம்போல, “நான் எங்க சொன்னேன்?” என்பார். அப்போது நான் நோட்டைத் திறப்பேன். இவ்வளவுதான் கணக்கு.

ஏணியை மடிக்கும்போது குடியிருப்பவர் வந்தார். குவாக் சுன்-யோங். நாற்பத்தொன்பது வயது, சந்தையில் ஒரு பதார்த்தக் கடையில் வேலை. அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. மணி நாலு இருக்கும், நல்ல வெளிச்சம்.

“அண்ணே, பாய்லர்ல ஏதாச்சும் கோளாறா?”

“ஒண்ணுமில்லம்மா. படிக்கட்டுல காத்து வருதுன்னு ஐயா சொன்னார். அடைச்சிருக்கேன்.”

“நல்லதாப் போச்சு. மனுஷர் தினம் அதையே சொல்லிப் புலம்புவார்.” பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். சோயாவில் வேகவைத்த தாமரைக்கிழங்கு. “மிஞ்சினதுன்னு நெனைக்காதீங்க, காலைல செஞ்சது. கையெல்லாம் வெறைச்சுப்போயிருக்கே உங்களுக்கு.”

போகப்போனவர் நின்றார். “அண்ணே, கிம்ச்சி வாடைக்காக அடுக்களை ஜன்னல ரெண்டு விரல் தெறந்தே வெப்பேன். ராத்திரியும் அப்படியேதான் கெடக்கும். குளிர்ல குழாய்க்கு ஒண்ணும் ஆயிடாதே?”

ஜன்னல் திறந்திருந்தால் தலைவலிகூட வராது. புகையெல்லாம் போய்விடும். படிக்கட்டில் காற்று நின்றது, மான்-ஹோ நல்ல வேலைக்காரன் என்று முடிந்துவிடும்.

“இந்தக் குளிர்ல எதுக்கும்மா தெறந்து வெக்கறீங்க?” என்றேன். “மூடிக்கோங்க. சூடு வீணாப் போகுது.”

“அதுவும் சரிதான்” என்றார்.

இது உங்கள் காகிதத்தில் இல்லை. நோட்டிலும் இல்லை. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

மறுநாள் காலை முழுக்க என் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. பத்து மணிக்கு அந்தத் தெரு வழியாகப் போனேன். பின்கட்டு ஜன்னல் மூடியிருந்தது, கண்ணாடியில் உள்ளே ஈரம் கோத்திருந்தது. வாசலில் அவருடைய செருப்பு இருந்தது. கடைக்கு அவர் ஏழு மணிக்கே போய்விடுவார் என்று எனக்கு அப்போது தெரியாது, ஆனால் வேலை நாளில் பத்து மணிக்கு யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள் என்று தெரியும். கதவைத் தட்டலாம் என்று தோன்றியது. நான் தட்டினால், நான் ஏன் வந்தேன் என்ற கேள்வி வரும். எதிர்க்கடையில் உட்கார்ந்து மாட்டெலும்பு சூப் குடித்தேன். பதினொன்றரைக்கு அவருடைய கடைக்கார அம்மா தேடிக்கொண்டு வந்தார். கதவை உடைத்தார்கள். கடைக்கார அம்மா அலறியது கேட்டதும் சூப்பை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நீங்கள் அன்று மாலையே என்னை அழைத்தீர்கள். நோட்டைக் கொண்டுவந்தேன். திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இதே காவல் நிலைய முற்றத்தில், பனியில், பியோன் ஐயா அறுவை செய்த காலை மடக்கி என் முன்னால் மண்டியிட்டார்.

“நான்தான் அடைக்கச் சொன்னேன்” என்றார். “நிச்சயமான்னு இவர் கேட்டார். நான் காதுல வாங்கல. அன்னிக்கு வால்வையும் நான்தான் சொன்னேன். அந்தப் படங்களப் பாத்ததும் வாயில பொய் வந்துடுச்சு. ரெண்டு வருஷமா அத எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். மன்னிச்சுடுங்க, மெக்கானிக் ஐயா.”

என் மனைவியும் பக்கத்தில் நின்று கேட்டாள். நான் இரண்டு வருடமாகக் கேட்க நினைத்தது அத்தனையும் அந்த ஒரு மூச்சில் வந்துவிட்டது. நான் அவரைத் தூக்கி நிறுத்தினேன். நீங்கள் நோட்டைப் படியெடுத்துக்கொண்டு, என்மேல் குற்றமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள்.

ஐந்து நாளாக வீட்டில்தான் இருந்தேன். மனைவி என்னை நோயாளிபோலப் பார்த்துக்கொண்டாள். நீங்கள் பிடித்து வைத்திருக்கிற பியோன் ஐயா உள்ளே சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். எழுபத்தாறு வயது. அவருக்கு அந்தக் குழாய் உயிரோடிருப்பது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தே அடைத்தேன், தெரிந்தே ஜன்னலை மூடச் சொன்னேன், தெரிந்தே கதவைத் தட்டாமல் இருந்தேன். அவர் செய்யாததை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அநியாயத்தை என்னால் எப்போதுமே பார்த்துக்கொண்டிருக்க முடிந்ததில்லை.

செத்துப்போன குவாக் அம்மாவுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்றீர்கள். அவளிடம் இதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவளுடைய அம்மா மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. அந்த வீட்டில் யார் குடியிருந்திருந்தாலும் நான் இதையேதான் செய்திருப்பேன்.