ஐந்தடி இரண்டங்குலச் சீமைப்பலா

என் பெயர் ஃபுவாட்டினோ. வயது இருபத்து நான்கு. தந்தை பெனியாமினா, மீனவர். சமோவா நாடு, சவாயி தீவு, ஃபாலெமோனா கிராமம். பொதுப்பணி அலுவலகத்தில் இரண்டு வருடமாக மதிப்பீட்டு உதவியாளர். அலுவலக ரகசியத்தை ஒப்பந்ததாரர்களுக்குக் கொடுத்தது யார் என்பதே விசாரணை என்றும், என்மீதும் சந்தேகம் உண்டு என்றும் அறிந்தே இதைச் சொல்கிறேன்.

எங்கள் கிராமப் பள்ளிக் கட்டடத்துக்கு மே மாதம் மூன்று ஒப்பந்தப்புள்ளிகள் வந்தன. இடத்தை நேரில் பார்த்து, அங்கே முதலில் அகற்ற வேண்டியவற்றை ஒப்பந்ததாரரே எழுத வேண்டும். மூவரும் ஐந்தடி இரண்டங்குலச் சுற்றளவுள்ள சீமைப்பலா ஒன்றை வெட்டி அகற்றுவதாக எழுதியிருந்தனர். அந்த மரம் பிப்ரவரிப் புயலிலேயே சாய்ந்துவிட்டது. அதன் காய்களைக் கல்லடுப்பில் சுட்டு ஊரே தின்றது. நானும் தின்றேன்.

ஒப்பந்தப்புள்ளிகளைப் படித்தபின் பிரிவுத் தலைவர் அலாபாட்டியின் அறை வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பி, மூன்றாம் முறை உள்ளே சென்றேன்.

"ஏம்மா, புள்ளைங்க தார்ப்பாய்க்குக் கீழ உக்காந்திருக்கு. விலையும் நம்ம மதிப்பீட்டுக்குக் கீழதான் இருக்கு. ஒரு மரத்துக்காக மூணு கம்பெனியையும் வெட்டச் சொல்றியா?" என்றார்.

"இல்லாத மரத்த மூணு பேரும் வெட்டுறாங்க, அய்யா. ஒருத்தராவது இடத்தப் பாத்து எழுதியிருந்தா அவர வச்சுக்கலாம்" என்றேன்.

அதன்பின் ஒப்பந்தக் குழு மூன்றையும் நிராகரித்து, காவல்துறைக்கு எழுதியது. மறு ஒப்பந்தத்துக்கு மழைக்காலம் தாண்டிவிடும். அன்று என் தாயார், "நீ படிச்ச பள்ளிக்கூடத்துக்கே கூரை வராம பண்ணிட்டியேடி" என்று சொல்லி, எனக்குத் தட்டு வைக்காமல் எழுந்துபோனார்.

அந்த மரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அதன்பின் பழைய கோப்புகளைத் தேடினேன். புயலுக்கு முந்தைய வருடம் இதே பள்ளிக்காகத் தயாரித்து நிறுத்திவைத்த ரகசிய மதிப்பீட்டில் அதே மரமும் அதே அளவும் இருந்தன. எழுத்து என்னுடையது. அதுவே நான் செய்த முதல் வேலை. அன்று அளவுநாடா கொண்டுபோகாததை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, மரத்தை இரு கைகளாலும் கட்டிப்பிடித்தேன். விரல்நுனிகள் தொட்டுக்கொண்டன. என் கைவீச்சு எனக்குத் தெரியும் என்பதால் அதையே எழுதினேன்.

அந்தத் தாள் இருந்த பெட்டிக்குச் சாவி இரண்டு. ஒன்று அலாபாட்டி அய்யாவிடம் உள்ளது. மற்றதை இத்துடன் ஒப்படைக்கிறேன். தாளை நான் எவருக்கும் காட்டவில்லை.

அதன்பின் காவல் ஆய்வாளர் என்னைச் சுவரோரம் நிறுத்தி, கைகளை விரிக்கச் சொல்லி நாடாவால் அளந்தார். ஐந்தடி இரண்டங்குலம்.

இதுவரை எழுதியதை வாசிக்கக் கேட்டேன். அளவு உட்பட யாவும் சரி.

(ஒப்பம்) ஃபுவாட்டினோ பெனியாமினா