செல்வம்மாள் குழந்தையின் கண்ணில் பட்ட வளையல்

துன்மதி வருஷம் ஆவணி மாதம், பழவேற்காடு ஒல்லாந்தர் கோட்டையில் மொழிபெயர்க்கும் துபாஷி துளசிங்கம் கேட்க, சொல்லி எழுதப்பட்டது.

என் பெயர் குப்பம்மாள். வயது பதினைந்து. தகப்பனார் நாகப்பன், கடலில் மீன் பிடிப்பவர். முகத்துவாரத்துக்கு வடக்கே உள்ள குப்பத்தில் இருக்கிறோம். கோட்டைப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் படித்து நின்றுவிட்டேன். அதன் பிறகு, பிரசவம் பார்க்கும் என் அத்தை இருசம்மாளுக்குக் கையாளாகப் போகிறேன்.

போன மாதம் சாயக்காரர் வேதாசலம் மனைவி செல்வம்மாளுக்கு வலி கண்டதாக ஆள் வந்து, அத்தையும் நானும் போனோம். எனக்கும் ராமனுக்கும் அப்போதுதான் நிச்சயமாகி, அவர் தாயார் என் கையில் கண்ணாடி வளையல் போட்டிருந்தார். பிரசவ வீட்டில் கையில் எதுவும் இருக்கக் கூடாது என்பது அத்தையின் கண்டிப்பு. என் கையைப் பார்த்து, "இன்னாடி, கல்யாணப் பொண்ணா வந்தியா, கை குடுக்க வந்தியா? கழட்டிட்டு உள்ள வா" என்றார். ராமன் அன்று கடலில் இருந்தார். ஆள் கடலில் இருக்கும்போது எங்கள் குப்பத்தில் வளையலைக் கழற்ற மாட்டார்கள். அத்தை புருஷனைக் கடலில் இழந்தவர். அவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொல்லைப்பக்கம் போய் வளையல்களை மேலே ஏற்றித் துணியால் கட்டிக்கொண்டு, கழற்றிவிட்டேன் என்று சொல்லி உள்ளே வந்தேன்.

அதன் பிறகு செல்வம்மாள் வலி தாங்காமல் என் கையைப் பிடித்து முறுக்க, துணிக்குள் ஒரு வளையல் உடைந்தது. துணியை இழுத்து மூடிக்கொண்டேன். அதன் பிறகு குழந்தை பிறந்து, அத்தை அதை ஏந்திக்கொண்டு முகத்தைத் துடைக்கச் சொன்னார். துடைக்கும்போது கட்டு அவிழ்ந்து வளையல் இறங்கி, உடைந்த முனை குழந்தையின் இடது கண்ணைக் கீறியது. தொப்புள் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, ரத்தம் கண்டு தன் விரல்களைப் பார்த்தார். "என் நகம்டி" என்றார். நான் இல்லையென்று சொல்லவில்லை. வளையலைத் துணிக்குள் தள்ளிவிட்டேன். ராமன் அன்று மாலையே கரை சேர்ந்தார்.

குழந்தையின் கண் வீங்கி மூடிக்கொண்டது. பார்வை இருக்குமா என்று வைத்தியரால் சொல்ல முடியவில்லை. வேதாசலம் கோட்டையில் பிராது கொடுத்தார். விசாரணையில் அத்தை தன் நகம்தான் என்று ஒத்துக்கொள்ள, இனிப் பிரசவம் பார்க்கக் கூடாது, மீறினால் குடும்பத்தோடு ஊரை விட்டு அனுப்பப்படுவார் என்று உத்தரவானது. வீட்டுக்கு வந்த பிறகு அத்தை ரத்தம் வரும்வரை நகங்களை வெட்டிக்கொண்டார். கத்தியை எடுத்துக் கொடுத்தது நான்.

இன்று காலை அத்தை மகள் வேலம்மாவுக்குத் தலைப்பிரசவ வலி கண்டது. பக்கத்தில் வேறு மருத்துவச்சி இல்லை. அத்தை கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார். வேலம்மா உள்ளேயிருந்து, "அதான் நகத்த வெட்டிக்கினியே, வாம்மா" என்று கூப்பிட்டும் எழவில்லை. அதன் பிறகுதான் நடந்ததைச் சொன்னேன். அத்தை என்னை அடிக்கவில்லை. "இத்தினி நாளா வாயில இன்னா வச்சிருந்தே?" என்று கேட்டார். பிறகு, "என்கிட்ட சொல்லி இன்னா ஆவும், கோட்டைல போய்ச் சொல்லு" என்றார்.

ஓடி வந்தேன். எனக்குரிய தண்டனையைப் பிறகு தரலாம், அத்தை மேல் உள்ள உத்தரவை இப்போதே நீக்க வேண்டும் என்று கேட்டேன். எழுதி முடித்தால்தான் கோட்டை எஜமானிடம் போகும் என்று துபாஷி சொல்கிறார். ஆகையால் இத்துடன் முடிக்கிறேன். யாரும் மிரட்டிச் சொல்லவில்லை. சொன்ன அத்தனையும் நடந்தது. எனக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

குப்பம்மாள்