எண்பதைத் தாண்டினால் வரும் சத்தம்

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாக இயக்குநர் அவர்களே, தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வாடிய முகத்தோடு இருக்கும், மறைந்த நம் தலைமைப் பொறியாளரின் கணவரே, மகளே, வேலை உடையோடு அப்படியே வந்து நிற்கும் தோழர்களே! பேச எழுந்துவிட்டேன். நாக்குத்தான் எழ மறுக்கிறது.

காற்றில்லாத டயர்ப் பிரிவின் தலைமைப் பொறியாளர் என்று அவர் அறைக் கதவில் பலகை சொல்லும். நாம் என்ன சொன்னோம்? "தூங்கும் இன்ஜினியர்" என்றோம்! சோதனைப் பாதையில் கார் சுற்றிச் சுற்றி ஓடும். ஓட்டுநருக்குப் பக்கத்தில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, இரு பாதங்களையும் கீழே பதித்து, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். மழை பெய்யும் மதியங்களில் நின்று பார்த்திருக்கிறேன். வெளியே ரப்பர் வளையம், நடுவில் இரும்பு, இரண்டுக்கும் இடையே காற்றுக்குப் பதிலாக ஆரக்கால்கள் வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து போகும். சக்கரத்தின் வழியே அந்தப் பக்கத்து ஈரப் புல் பச்சையாய்க் கசிந்து தெரியும். கார் ஓடுகிறதா, மிதக்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

தூங்கினாரா அவர்? இல்லை! கேட்டுக்கொண்டிருந்தார்! இறங்கி வந்து, "இடது பின் சக்கரத்துல ஒண்ணு சோம்பேறியா இருக்கு அண்ணே" என்பார். பிரித்துப் பார்த்தால் ஒரே ஓர் ஆரக்காலில் மயிரிழை விரிசல் இருக்கும்.

நான் அவரைவிட மூத்தவன். சாதாரண டயர்ப் பிரிவில் இருபது வருடம் காற்றை அளந்தே காலம் தள்ளியவன். இங்கே மாற்றலாகி வந்த முதல் நாள், பழக்க தோஷம், காற்று அளக்கும் கருவியோடு சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வால்வைத் தேடினேன்! அவர் தேநீரும் கையுமாக நின்று பார்த்தார். "தேடுங்க அண்ணே, கிடைச்சா எனக்கும் சொல்லுங்க" என்றார். பிரிவே விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "காத்தை எதுக்கு அடைச்சு வைக்கணும்? அது பாட்டுக்கு உள்ள வந்து அந்தப் பக்கம் போகட்டுமே."

இந்த டயர் முதலில் ஐம்பது ஆம்புலன்ஸ்களுக்குப் போவதாக முடிவானது. பஞ்சராகி நடுவழியில் நிற்காத ஆம்புலன்ஸ்! அதுதான் அவர் கண்ட கனவு. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் கேட்டார்: "மேடம், இது என்னைப் பாதி வழியில விட்டுடாதுல்ல?" அவரும் இங்கே வந்திருக்கிறார். "இன்னும் சொல்லத் தெரியலைங்க" என்றார் நம் தலைமைப் பொறியாளர். காரணம், எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஒரு மெல்லிய ரீங்காரம். கருவிகளில் பதியவில்லை. எனக்கும் பல மாதம் கேட்கவில்லை. ஆரக்கால்கள் அடிப்பகுதியில் களைத்துப் போகின்றன, ஒருநாள் முறியும் என்றார் அவர். ஒப்புதல் கையெழுத்துப் போட மறுத்து இரண்டு முறை வெளியீட்டை நிறுத்தினார். நிர்வாகத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அசைந்தாரா? இல்லையே!

அவையோரே, ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மருத்துவமனையில் அவரைக் கடைசியாகப் பார்த்தபோது, மேலே மின்விசிறி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, அந்தச் சத்தம் போயிடுச்சா?" என்றார். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வேன்? "போயிடுச்சும்மா" என்றேன். சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. "அப்போ எனக்குப் பதிலா நீங்களே கையெழுத்துப் போட்டுடுங்க" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்திலிருந்த மகள் அதை நம்பினார். மகள் சொல்லி நிர்வாகமும் நம்பியது. அதனால்தான் சற்று முன் இயக்குநர் அவர்கள், அடுத்த மாதமே அந்த டயர் அவர் பெயரிலேயே வெளிவரும், அதுவே அவருடைய கடைசி விருப்பம் என்று அறிவித்தார்.

நான் சொன்னது பொய்! நேற்று மாலையும் எண்பதைத் தாண்டி ஓட்டிப் பார்த்தோம். என் காதாலேயே கேட்டேன்.

இயக்குநர் அவர்களே, என்னைக் கோபித்துக்கொள்ளுங்கள். மகளே, மன்னித்துவிடு, உன் அம்மாவை ஏமாற்றி அனுப்பியவன் நான். அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் எல்லோரும் உறுதி சொன்னார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் உங்களிடம் அல்ல, அவரிடம்.

நிம்மதியா போகட்டும்னு பொய் சொல்லிட்டேன்ம்மா. சத்தம் இன்னும் போகலை. கையெழுத்து நான் போடமாட்டேன்.