பதினோராம் அறையின் திண்டு

பெயர் ஜவாத், தகப்பனார் பெயர் ஸல்மான், வயது நாற்பத்தாறு, சவூதி அரேபியாவின் ஹுஃபூஃப் நகரம், பழைய சந்தைக்குப் பின்தெருவில் குடியிருப்பு. தனியார் மருத்துவமனை ஒன்றில் விருந்தினர் உபசரிப்பு அலுவலராக வேலை பார்த்து வருகிறேன்.

பதினோராம் அறையில் நோயாளி தம் சொந்தத் திண்டு ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் நிர்வாகக் குழு கூடி, விவாதித்து, எதிர்ப்பின்றித் தீர்மானித்தது. முன்மொழிந்தவன் நான். நோயாளி, ஹத்தால் என்ற ஒட்டக வியாபாரி. காய்ச்சலும் இருமலுமாகச் சேர்ந்திருந்தார். அவரைப் பார்க்க வருகிறவர்கள் நெற்றியில் முத்தமிட்டு, கம்பளத்தில் அமர்ந்து, திண்டில் சாய்ந்து கஹ்வாக் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். அவர்களைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைப்பது மரியாதை ஆகாது. திண்டு சிவப்புக் கம்பளியால் ஆனது. ஹத்தாலும் பகலெல்லாம் அதில் சாய்ந்துதான் இருமினார்.

அதன் பிறகு, அது ஒட்டகத்திலிருந்து தொற்றும் கொரோனாக் காய்ச்சல் என்று ஆய்வுக்கூடம் உறுதி செய்ததன்பேரில் அவரைத் தனிமைப் பிரிவுக்கு மாற்றினார்கள். பணியாளர்கள் வந்து கட்டில், கைப்பிடி, குழாய், ஸ்விட்ச், சுவர் எல்லாவற்றையும் குளோரின் போட்டுத் துடைத்தார்கள். தலைமை நர்ஸ் மரிவிக் திண்டைக் காட்டி, "ஏன் சார், இந்த ராஜா மட்டும் குளிக்க மாட்டாரா?" என்று கேட்டார். அது விருந்தாளியின் சொத்து, குளோரின் பட்டால் சாயம் போய்விடும் என்று சொல்லித் தடுத்தேன்.

அதன் பிறகு ஹத்தாலின் மகன் முக்ரினுக்குப் போன் செய்து, திண்டை எடுத்துப் போகச் சொன்னேன்.

"என்ன அபூ ரிதா, நாலு பேர் சாஞ்ச திண்டைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தா ஊரு காறித் துப்பாதா? அடுத்து வர்றவர் சாஞ்சுக்கட்டும், எங்க அப்பா பேரைச் சொல்லி" என்றார். ரிதா என் மூத்த மகன்; ரிதாவின் தகப்பன் என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள்.

மனமுவந்து கொடுத்ததை மறுப்பது முறையல்ல. ஆகையால் திண்டுக்குச் சாம்பிராணிப் புகை காட்டி மூலையில் வைத்தேன். வாசனை நன்றாக இருந்தது.

அதன் பிறகு என் மாமனார் ஹபீப், கால் எலும்பு முறிந்து சேர்க்கப்பட்டார். நல்ல அறை என்பதால் பதினோராம் அறையைச் சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்தேன். திண்டை அவர் முதுகுக்கு நானே முட்டுக் கொடுத்தேன்.

"மாப்பிள்ளே, கல்யாணம் ஆன நாள்லேருந்து நீ எனக்கு உருப்படியா செஞ்சது இது ஒண்ணுதான்" என்றார். என் மனைவி ஸுகைனா சிரித்தாள். நானும் அதில் ஒரு ஓரம் சாய்ந்து அவருடன் கஹ்வா குடித்தேன்.

அதன் பிறகு அவருக்கு இருமல் தொடங்கியது. திண்டின் உறையில் ஹத்தாலுக்கு இருந்த அதே கிருமி இருப்பதாக ஆய்வுக்கூடம் சொன்னது. திண்டுக்கு அனுமதி கொடுத்தது யார் என்று விசாரிக்க வந்த சுகாதாரத் துறை அதிகாரி கேட்கிறார். அப்படி ஒரு தீர்மானம் குழுவில் வேறு யாருக்கும் நினைவில்லை. எனக்கு இருக்கிறது.

மாமனார் நேற்று இறந்துபோனார். அவரைக் குளிப்பாட்ட வீட்டாருக்கு அனுமதி தரப்படவில்லை. ஸுகைனா என் போனை எடுப்பதில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை அதிகாரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று உரக்கப் படித்தார். காதில் விழுந்த மட்டும் எல்லாம் சரியே.

(ஒப்பம்) ஜவாத்

அதிகாரி குறிப்பு: இது நகல். வாக்குமூலம் கொடுத்தவர் ஒப்பமிட்ட தாளைத் தனிமை அறையிலிருந்து வெளியே எடுக்க மருத்துவர் அனுமதிக்கவில்லை.