டாம்சின் ட்ரெகியர் பதக்கம்

– நாளைக்கு விழாவுல கவர்னருக்குப் பக்கத்துல எல்லாம் வேண்டாம்டா ஜேபஸ். கடைசியில, தூணோரமா ஒரு இடம் போதும். பெத்த பிள்ளை பல்கலைக்கழக வேந்தர் அங்கியைப் போட்டுக்கிட்டு நடந்து வர்றதைப் பார்த்துட்டு, சத்தமில்லாம இங்க பாரமட்டாவுக்கே திரும்பப் படகேறிடறேன்.

– கூட்டம் அதிகம்மா. உனக்கு முழங்கால் வேற முடியலை.

– ஊரார் அழுக்கைத் துவைச்சு வந்த வலி. அந்தக் காசுலதான் நீ லத்தீன் படிச்சே. முழங்கால் என்னைக்காவது உன்கிட்ட வந்து புகார் சொல்லிச்சா?

– இல்லம்மா.

– துணி வெளுக்கிறவ மகனும் பட்டம் வாங்கணும், அதுக்கு இங்க ஒரு பல்கலைக்கழகம் வேணும்னு சட்டசபையில பேசினியாமே. அடுத்த வீட்டு நோரா பத்திரிகையில படிச்சுக் காட்டினா. என்னைத்தானே சொன்னே?

– உன்னை நினைச்சுத்தான் பேசினேன்.

– பின்ன என்ன? நான் கைதிக் கப்பல்ல வந்தவள்னு தெரிஞ்சிடுமா? ஒரு போர்வையைத் திருடினேன், ஏழு வருஷம் உழைச்சுத் தீர்த்தேன். இப்ப உங்கப்பா பேரைச் சேர்த்து ட்ரெகியர்னு என்னைக் கூப்பிடக்கூட ஆளில்லை. ரெண்டாவது புருஷன் டாப்ஸும் போனப்புறம் இங்க நான் வெறும் விதவை டாப்ஸ். கேட்டா உன் வீட்டுச் சமையக்காரின்னு சொல்லிக்கிறேன்.

– அப்படிப் பேசாதேம்மா. நாளைக்கு ஒரு பதக்கம் அறிவிக்கிறேன். நல்லாப் படிக்கிற ஏழைப் பையனுக்கு, வருஷா வருஷம். டாம்சின் ட்ரெகியர் பதக்கம்.

– என் பேர்லயா?

– உன் பேர்லதான்.

– வெள்ளியா?

– தங்கம்.

– அடப்பாவி. அந்தப் பேரை எனக்கே எழுதத் தெரியாது. இதைச் சொல்லாம முழங்காலு, கூட்டம்னு கதை விடுறியே. இனி எப்படிடா வராம இருப்பேன்? பேருக்குச் சொந்தக்காரி அங்க வேண்டாமா?

– அம்மா.

– ஏன்டா, முகம் ஏன் இப்படிச் செத்துப்போச்சு?

– அது நினைவுப் பதக்கம்மா. கடலுக்கு அந்தப் பக்கம் கார்ன்வால்ல காலமான தாயாருக்காக மகன் வைக்கிறதுன்னு பொறிச்சாச்சு. கவர்னருக்கு அப்படித்தான் தெரியும். என் பொண்டாட்டி பிள்ளைங்களுக்கும் அப்படித்தான் தெரியும்.

– ஓ.

– ஏதாவது திட்டும்மா.

– நான் எப்ப செத்தேன்?

– முதல் தடவை தேர்தல்ல நின்னேனே, அப்ப. கூட்டத்துல ஒருத்தன் எழுந்து, உன் தாய் யாருடான்னு கேட்டான். வாயில அதான் வந்துச்சு.

– அன்னைக்குத்தானே இங்க ஓடிவந்து என் மடியில விழுந்து அழுதே. பிள்ளை தேர்தல்ல தோத்துட்டான் போலன்னு நினைச்சு, நீ தூங்குற வரைக்கும் தட்டிக்கொடுத்தேன்டா.