சோடாவின் மூக்கு

விஸ்கியில் தண்ணீர் கலக்கவே கூடாது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள், இன்ஸ்பெக்டர். நல்ல ஸ்காட்சுக்கு இரண்டு மூன்று சொட்டு வேண்டும். அப்போதுதான் அது வாய் திறக்கும். ஐஸைப் போட்டால் மூடிக்கொள்ளும். எங்கள் கூட்டத்தில் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

அவனிடம் ஏன் அப்படிக் கேட்டேன் என்கிறீர்கள். பதில் கொஞ்சம் நீளம். உட்காருங்கள்.

ஞாயிறு மாலைகளில் என் வீட்டு மாடி அறையில் கூடுவோம். வக்கீல், கட்டட காண்ட்ராக்டர், நான், அப்புறம் சோடா. என் மருந்துக் கடைக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவன். முதல் நாள் வந்தபோது வெறும் சோடாவைக் குடித்துவிட்டுப் போனான், பெயர் ஒட்டிக்கொண்டது. என்னைவிட வயதில் சின்னவன். வாய்க்கு வாய் அண்ணே என்பான். கோப்பையை எப்படிப் பிடிப்பது, மூக்கை எவ்வளவு தள்ளி வைப்பது, முதல் வாயை ஏன் விழுங்காமல் நாக்கில் உருட்டுவது, எல்லாம் என்னிடம் கற்றான்.

கற்றவன் கற்றதோடு நின்றிருக்கலாம். அவனுக்கு மூக்கு இருந்தது. எனக்கு இருந்தது படிப்பு. ஒருமுறை காண்ட்ராக்டர் பெருமையாக ஒரு புட்டியைக் கொண்டுவந்தார். நான் லேபிளைப் படித்து அந்த ஊர், அந்தக் கடல், அந்தப் பீப்பாய் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். சோடா மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "அண்ணே, இது டூப்பு. எசன்ஸ் வாசம் வருது" என்றான். உண்மைதான். அதன் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் வக்கீல் போனை எடுப்பார். "இருப்பா, சோடாவை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்." பக்கத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். என் பிறந்தநாள் அன்று நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து என் மைத்துனர் கொண்டுவந்த புட்டி ஒன்று இருந்தது. பதினெட்டு வருடம் பீப்பாயில் கிடந்த சரக்கு. அன்று அதைத் திறந்து வைத்துவிட்டுக் கீழே போய்க் கோப்பைகளைக் கொண்டுவந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிப் பேசினேன். தேன், பழைய தோல், மழைக்குப் பிறகு எரிகிற விறகு. பேசப் பேச எனக்கே நன்றாக இருந்தது. கண்ணைத் திறந்தால் காண்ட்ராக்டரின் தோள் குலுங்கிக்கொண்டிருக்கிறது. வக்கீல் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே" என்றான் சோடா. "சும்மா ஒரு விளையாட்டு. உங்க சரக்கு பத்திரமா வேற புட்டியில இருக்கு. இது தெருமுனைக் கடையில வாங்கினது."

வறுத்த கடலையோடு வாசலில் நின்றிருந்த என் மனைவி சிரித்தாள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு. எத்தனையோ வருடமாக என்னால் வரவழைக்க முடியாத சிரிப்பு.

நானும் சிரித்தேன். அவன் முதுகில் தட்டினேன். மறு ஞாயிறும் கூப்பிட்டேன். கத்துகிறவனுடைய கோபம் கத்தினதும் தீர்ந்துவிடும். நான் கத்துகிறவன் இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது அந்தச் சிரிப்பு கேட்கும். மாத்திரை எண்ணும்போது கேட்கும். சாப்பாட்டைப் பரிமாறும்போது அவள் முகத்தைப் பார்க்கவே எரியும்.

சோடாவுக்கு சைனஸ் தொல்லை உண்டு. மூக்கில் விடும் சொட்டு மருந்துக்கு என்னிடம்தான் வருவான். முன்பு ஒரு சொட்டு மருந்து விற்பனையில் இருந்தது. வாசனை தெரியாமல் போகிறது என்று பலரும் புகார் சொல்ல, கம்பெனியே திரும்பப் பெற்றுக்கொண்டது. நான் திருப்பி அனுப்பாமல் விட்டது கொஞ்சம் பின் அலமாரியில் கிடந்தது. வேறு குப்பியில் ஊற்றிக் கொடுத்தேன். "புதுசா வந்திருக்கு. தவறாம காலையும் சாயந்திரமும் விடு" என்றேன். தேங்க்ஸ்ணே என்றான்.

மருந்துக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அவன் சொன்னபடி ஒழுங்காக விட்டான்.

அந்த மாதம் முடிவதற்குள் ஒரு காலையில் கடை திறக்கும் நேரத்துக்கு வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. "அண்ணே, எதுவுமே தெரியல. சோப்பு, காபி, என் பொண்டாட்டி தலை, எதுவுமே. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நிக்கிற மாதிரி இருக்கு." சொல்லிக்கொண்டே அழுதுவிட்டான். உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகும், தானாகத் திரும்பிவிடும், சொட்டை மட்டும் நிறுத்தாதே என்றேன். பிறகு பார்த்த டாக்டர், நரம்பு செத்துவிட்டது, திரும்புவது சந்தேகம் என்றாராம்.

அவன் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவள் அவனுக்கு மூக்காகிவிட்டாள். பால் கெட்டுவிட்டதா, சட்டை வியர்த்திருக்கிறதா, மழை வரப்போகிறதா, முகர்ந்து முகர்ந்து சொல்வாள். அவன் அதைக் கேட்டுத் தலையாட்டுவான். அதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் புட்டியைத் தேர்ந்தெடுப்பது பழையபடி என் கைக்கு வந்தது. கணக்கு அத்தோடு நேராகியிருக்க வேண்டும். ஒரு ஞாயிறு, அதே தெருமுனைச் சரக்கை அதே பதினெட்டு வருடப் புட்டியில் ஊற்றி எல்லார் கோப்பையிலும் விட்டேன். "சொல்லு சோடா, எப்படி இருக்கு?"

கண்ணை மூடினான். "தேன் இருக்குண்ணே. கொஞ்சம் புகை" என்றான். கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தான். வக்கீலும் காண்ட்ராக்டரும் தங்கள் கோப்பையிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. காண்ட்ராக்டர் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றார். வக்கீல் அவன் கையைப் பிடித்து, "சரியாச் சொன்னடா" என்றார்.

நான் ஏமாந்தபோது வயிறு குலுங்கச் சிரித்தவர்கள். அவனுக்காகக் கண் கலங்கினார்கள். இதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதோடு விட்டார்களா? காண்ட்ராக்டரின் புது வீட்டு விருந்துக்கு என்ன வாங்குவது என்று பேச்சு வந்தபோது, சோடாதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்கள். மூக்கே இல்லாதவன். "நீங்க கூடப் போய்ட்டு வாங்க, அவனுக்குத் தெம்பா இருக்கும்" என்று என்னிடமே சொன்னார்கள்.

போனேன். காலை நேரம். கதவைத் திறந்தவன் உதட்டில் விரலை வைத்தான். "மெதுவாண்ணே. நைட் டூட்டி முடிச்சு இப்பதான் உள்ரூம்ல படுத்தா." அவள் தூங்கட்டும் என்று சமையலறைக் கதவைச் சாத்தி வைத்திருந்தான்.

கூடத்தில் கால் வைத்ததுமே எனக்கு வாசனை வந்துவிட்டது. கேஸ். பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்க வேண்டும்; கதவிடுக்கு வழியாகக் கூடம் வரைக்கும் வந்திருந்தது. அவன் அதற்கு நடுவில் நின்று சட்டைப் பித்தானைப் போட்டபடி, ஸ்காட்ச் வாங்கலாமா, நல்ல ரம் வாங்கலாமா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் கேட்டேன். "சோடா, ஏதாவது வாசம் தெரியுதா?"

சாவதற்கு முன் ஆஸ்பத்திரியில் அவன் உங்களிடம் சொன்னது சரிதான். அண்ணன் கேட்டார், நான்தான் பொய் சொன்னேன், அவர்மேல் தப்பில்லை என்றானாமே. அது சத்தியமான வார்த்தை. தெரியலண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே ஓடிப்போய் சிலிண்டரை மூடியிருப்பேன். அவன் என்ன செய்தான் தெரியுமா? தலையைத் தூக்கி, கண்ணை மூடி, என் மாடி அறையில் நிற்பதுபோல மெல்ல இழுத்தான். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"தெரியுதுண்ணே. லேசா வருது. நீங்க போட்டிருக்கிற சென்ட்தானே?"

நான் சென்ட் போடுகிறவன் இல்லை.

"கரெக்டாச் சொல்லிட்டியே" என்றேன்.

அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "அவ எந்திரிச்சதும் சொல்லணும்ணே. இருங்க, காபி போடறேன், குடிச்சிட்டுப் போலாம்."

"எனக்கு வேண்டாம். நீ போட்டுக் குடிச்சிட்டு வா. நான் கீழ வண்டியில இருக்கேன்" என்றேன்.

வெடித்ததில் உள்ரூம் சுவர் மட்டும் நின்றதால் அவன் மனைவி பிழைத்துவிட்டாள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். நேற்றுக்கூட என் தோளில் சாய்ந்து அழுதாள்.

என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். யாருக்கு என்ன தெரியும்? சும்மா படியிறங்கினேன். வண்டியில் ஏறினேன். அவன் சமையலறை ஜன்னலுக்கு நேர்கீழே நிறுத்தியிருந்தேன். அதை எடுத்துத் தெருவின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினேன். அங்கே நிழல் இருந்தது, அதனால்தான்.