கை படாத காய்

சீனிச்சாமி: ...இதுக்கா போனப் போட்டு வரச் சொன்ன? காய்க்கலைன்னுதான் தாயி ஒட்டுக் கட்டுறவனக் கூப்புடுவாக. காய்ச்சிருச்சுன்னு கூப்புட்ட மொத ஆளு நீதான்.

ஞானசெல்வி: காய்க்கக் கூடாத மரம்ண்ணே இது.

சீனிச்சாமி: நல்லாருக்கு. ஜாதிக்கா மரம் ஜாதிக்கா காய்க்காம தேங்காயா காய்க்கும்?

ஞானசெல்வி: வெளையாடாதீக. நீங்க ஒட்டுக் கட்டிக் குடுத்து பதினாலு வருசம். ஒரு காய் உண்டா? பூக்கும், உதுரும். இப்ப பாருங்க, ஏழு மரத்துலயும். கெளைக்குக் கெளை.

சீனிச்சாமி: தேவாரம் சந்தையில இதே பேச்சாத்தான் இருக்கு. செல்வி தோப்புக்கு யோகம் வந்துருச்சுன்னு. ஆமா, ஊறுகா போட்டியா?

ஞானசெல்வி: வாயில வைக்கல. காய் வெடிச்சு உள்ள கொட்டையச் சுத்தி ஜாதிபத்திரி செவப்பாத் தெரியுறப்ப... பாக்கவே முடியலண்ணே. உதுந்தத அப்புடியே மண்ணு போட்டு மூடிருறேன்.

சீனிச்சாமி: என்ன விலை விக்கிது, மூடுறாளாம்.

ஞானசெல்வி: ஒன்னே ஒன்னு சொல்லுங்க, போதும். மனுசன் கை படாம இது காய்க்குமா?

சீனிச்சாமி: ஏன் கேக்குற?

ஞானசெல்வி: யாரோ வந்து போறாக. நா இல்லாத நேரமாப் பாத்து வந்து, பூவத் தொட்டுட்டுப் போறாக.

சீனிச்சாமி: யாரு வருவா?

ஞானசெல்வி: ...அவுகதான்.

சீனிச்சாமி: முத்துராஜாவா? உம் புருசன் போயி ஒம்பது வருசம் ஆச்சு.

ஞானசெல்வி: இந்த ஏழையும் காய்க்க வைக்காம விடமாட்டேன்னு சொன்னவுகதான? சொன்னாச் செய்யிற ஆளு.

சீனிச்சாமி: இங்கன வா. இந்தப் பூவ நகத்தால கீறுறேன். உள்ள என்ன இருக்கு?

ஞானசெல்வி: பச்சையா... சின்னதா ஒரு உருண்டை.

சீனிச்சாமி: அதான் சூலு. உச்சியில கீறல் விட்டாப்ல இருக்குல்ல, அது வாயி. ஆண் பூவோட பொடி அந்த வாயில ஒட்டணும். ஒட்டுனா அதுலருந்து நூலு மாதிரி ஒன்னு கெளம்பி, உள்ள எறங்கி, சூலத் தொடும். தொட்டாத்தான் கரு. கருவானாத்தான் காய். ஒட்டலைன்னா ரெண்டு மூணு நா இருந்து பாத்துட்டு உதுந்துரும்.

ஞானசெல்வி: அந்த ஆண் பூ எங்க?

சீனிச்சாமி: இந்த ஏழுலயும் இல்ல. ஜாதிக்காயில ஆண் மரம் வேற, பொட்ட மரம் வேற. பப்பாளி கணக்கா. பத்துப் பொட்டைக்கு ஒரு ஆண் நின்னாப் போதும். கையெல்லாம் பட வேணாம் தாயி, பொடி வண்டு இருக்கு. பொழுது சாஞ்சா பூவுக்குப் பூ அதுவே மாறிக்கிரும்.

ஞானசெல்வி: இதைய அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?

சீனிச்சாமி: ...சொல்லிருக்கணும். ஏழு ஒட்டையும் பொட்டையாவே குடுத்தேன். எல்லாரும் காய்க்கிறதத்தான் கேப்பாக, காய்க்காத ஆண எவன் வாங்குவான்? பக்கத்துத் தோப்புல ஒன்னாச்சும் நிக்கும்னு நெனச்சுட்டேன். பாத்தா, ஓடைக்கு இங்கிட்டு ஜாதிக்கா வச்ச ஆளே இல்ல.

ஞானசெல்வி: நீங்க மறந்ததுக்கு நா அவுககிட்ட பேச்சு வாங்குனேன். தோப்புல ஏழு மலடு, வீட்டுல ஒரு மலடுன்னு. வெறும் பேச்சோட விட்டாகளா...

சீனிச்சாமி: தெரியும்.

ஞானசெல்வி: என்ன தெரியும்?

சீனிச்சாமி: முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு நீ வெயில்ல களை எடுத்தது தெரியும். ...ஆமா, மோட்டார் ரூமுக்குப் பின்னால என்னமோ பச்சையா ஒசந்து நிக்குதே?

ஞானசெல்வி: காட்டு மரம். சீமக்கருவேலம். பாம்பு கெடக்கும், போகாதீக.

சீனிச்சாமி: வாய்க்கா அங்கிட்டுருந்துதான வருது? இந்தா, தண்ணியில மெதந்து வந்துச்சு. பாரு. ஒரே காம்புல நாலு பூவு. பொட்டையில ஒன்னு, மிஞ்சுனா ரெண்டு. கீறுனா உருண்டையும் இல்ல, நடுவுல தூணு மட்டும். வெரல்ல மஞ்சளா ஒட்டுது.

ஞானசெல்வி: அண்ணே, டீ போட்டுத் தாரேன். வீட்டுக்கு வாங்க.

சீனிச்சாமி: பின்னால போய்ப் பாத்து எத்தன நாளாச்சு நீ?

ஞானசெல்வி: போறதில்ல. மோட்டார செல்போன்லயே போட்டு நிப்பாட்டுற மாதிரி மாத்திட்டேன்.

சீனிச்சாமி: எப்ப மாத்துன?

ஞானசெல்வி: ...அவுக காணாமப் போன வருசம்.

சீனிச்சாமி: பாத்து வா, முள்ளு கெடக்கு.

ஞானசெல்வி: நா வரல. இங்கனயே நிக்கேன். என்ன தெரியுதுன்னு சொல்லுங்க.

சீனிச்சாமி: ஜாதிக்காதான். ஒட்டு இல்ல, வெத போட்டு மொளச்சது. ஒரே எடத்துல அஞ்சு. மூணு ஆளு ஒசரம். அடியில ஒன்னாச் சேந்து கெடந்து, மேல போகப் போக விரிஞ்சு... உள்ளங்கைய விரிச்சு நீட்டுன மாதிரி நிக்குது.

ஞானசெல்வி: குருவி கொண்டாந்து போட்டுருக்கும்.

சீனிச்சாமி: குருவி அஞ்சையும் ஒரே எடத்துல எண்ணிப் போடுமா? வெதையில வந்தா பாதி ஆணு, பாதி பொட்டையாத்தான் வரணும். இதுல அஞ்சும் ஆணு. அஞ்சும் பூத்து நிக்குது. போன வருசமே பூத்துருக்கும், அதான் உன் மரத்துல காயி.

ஞானசெல்வி: எந்த எடத்துல நிக்குது?

சீனிச்சாமி: எந்த எடம்... அந்தத் தென்னங்குழியிலதான்.

ஞானசெல்வி: ...எந்தத் தென்னங்குழி?

சீனிச்சாமி: முத்துராஜா வெட்டுனது.

ஞானசெல்வி: அது மத்தியானம் வெட்டுனதுண்ணே. மறுநா விடியிறப்ப குழியே இல்ல. ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?

சீனிச்சாமி: நீ சொல்லு மொதல்ல. குழியில என்ன நடந்துச்சு? இங்கன யாரும் இல்ல தாயி. நீயும் நானுந்தான்.

ஞானசெல்வி: பொழுது சாயுறப்ப வந்தாக. கையில ஈரத்துணி முடிச்சு. 'சீனிச்சாமி அஞ்சு ஜாதிக்கா வெத குடுத்தான், மரத்துக்கு வழி பொறந்துருச்சு, ஒனக்குத்தான் வழி இல்ல, இன்னைக்கு உன்னையத் தீத்துர்றேன்'னு கழுத்தப் புடிச்சாக. எங் கையில மம்பட்டி இருந்துச்சு. ஒரே அடி. குழிக்குள்ள விழுந்தாக. எந்திரிக்கல. மண்ண அள்ளிப் போட்டேன்... பாதிக்கு மேல முடியல. ராயப்பன்பட்டிக்கு, அக்கா ஜெபா வீட்டுக்கு ஓடிட்டேன்.

சீனிச்சாமி: விடிஞ்சு வந்த.

ஞானசெல்வி: வந்து பாத்தா குழி மட்டமா நெரவிக் கெடக்கு. பாதி மூடுன குழிண்ணே. காணாமப் போயிட்டாகன்னு எழுதிக் குடுத்தேன். மறுவாரம் ஸ்டேசன்ல சொல்றாக, அவுக மறுநா காலையில குமுளி பஸ்ஸுல ஏறுனத ஒருத்தரு பாத்துருக்காருன்னு. அப்ப எந்திரிச்சுட்டாக. எந்திரிச்சு, குழியயும் நெரவிட்டுப் போயிருக்காக.

சீனிச்சாமி: தோண்டிப் பாக்கலயா?

ஞானசெல்வி: எப்புடிப் பாப்பேன்? உள்ள இருந்தா ஒரு பயம், இல்லைன்னா அதவிடப் பயம். ஒம்பது வருசமா கதவத் தட்டுனா மூச்சப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டுத்தான் தெறக்கேன். இப்ப மரம் வேற காய்ச்சிருச்சு. அதான் ஒங்களக் கூப்புட்டேன்.

சீனிச்சாமி: பஸ்ஸுல பாத்தேன்னு சொன்னது நாந்தான்.

ஞானசெல்வி: நீங்களா... ஏறுனாகளா இல்லையா? அத மட்டும் சொல்லுங்கண்ணே. உசுரோட இருக்காகளா?

சீனிச்சாமி: ஏறல.

ஞானசெல்வி: அப்ப எங் கையாலதான்... நாந்தான் கொன்னுருக்கேன்.

சீனிச்சாமி: இல்ல தாயி. வெத வாங்கிட்டுப் போறப்ப அவன் பேசுன பேச்சு சரியில்லன்னு பின்னாலயே வந்தேன். நீ ஓடிட்ட. குழியில ஒரு கை மட்டும் மண்ணுக்கு மேல வந்துருந்துச்சு. நாங் குடுத்த முடிச்ச இறுக்கிப் புடிச்சபடி... அசைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. முடிச்சோட சேத்து மூடுனது நாந்தான்.